நூற்றிருபதில் இருபத்தொன்று

என் வேலை காலை ஆறு மணிக்கு முடியும். அதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே என் மனைவியின் தங்கை செடி வளர்ப்பு அறையின் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். கையில் நான் எழுதிய வெப்பநிலைத் தாள்.

"மாமா, செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு இருபத்தாறுன்னு எழுதியிருக்கீங்க. மெஷின்ல இருபத்தஞ்சரைன்னு இருக்கு."

"முழுசாக்கி எழுதினேன்."

"யார் கேட்டா முழுசாக்கச் சொல்லி?"

"கட்டம் சின்னது. புள்ளி வைக்க இடமில்ல."

"செடியிலயும் அதே கதைதான் போல."

சிரிக்காமல் சொன்னாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். ஆறு வருடமாக இந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறாள். இரண்டு முறை காலநீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் கடைசி அத்தியாயத்தின் முடிவுகளைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த அத்தியாயம் போகும், அது போனால் பட்டமும் போகும்.

அந்த அத்தியாயம் நூற்றிருபது தொட்டிகளில் நின்றது. நூற்றிருபது செடியிலும் இலை முழுக்கப் புள்ளி வந்திருக்க வேண்டும். விதைத்து நாற்பத்தோரு நாள் ஆகிவிட்டது. வந்தது இருபத்தொன்றில்தான். மற்றதெல்லாம் பச்சைப்பசேலென்று வளர்ந்து, ஒன்பது நாள் முன்னால் சின்னவள் சோதனைக்காகத் தெளித்த குலை நோய்ப் பூஞ்சையில் அழுகிக்கொண்டிருந்தன.

புள்ளி வருவது நல்லதா என்று கேட்கலாம். ஒன்பது வருடம் முன்னால் நானும் அதைத்தான் கேட்டேன். அப்போது அவள் இடத்தில் நான் இருந்தேன், அதே கைடு, அதே கட்டடம். கதிர்வீச்சு காட்டிய விதைகளைப் பாத்தியில் போட்டு எது மாறுகிறது என்று பார்ப்பது என் வேலை. ஒரு செடியில் மட்டும் சிகரெட் நுனியால் தொட்டுத் தொட்டு எடுத்தது போலச் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள். நோய் என்றுதான் நினைத்தேன். இலையை நறுக்கிச் சத்துக்கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் வைத்தேன். பூஞ்சை இருந்தால் மூன்று நாளில் பஞ்சு பஞ்சாக முளைத்துவிடும். முளைக்கவில்லை. அறுபது தட்டு போட்டேன். அறுபதும் வெறும் தட்டு.

புள்ளியை வெளியிலிருந்து எதுவும் போடவில்லை. செடி தானே போட்டுக்கொண்டது. எதிரி வந்தால் மட்டும் அந்த இடத்துத் திசுவைச் சாகடித்து வழியை அடைப்பது செடிகளின் வழக்கம். எதிரி வராதபோது அதை அடக்கி வைக்க ஒரு ஜீன் இருக்கிறது. இந்தச் செடியில் அது கெட்டுப்போயிருந்தது. எதிர்வீட்டில் யாராவது இருமினாலே கதவு ஜன்னலையெல்லாம் சாத்தித் தாழ்போடும் ஆள் மாதிரி, வராத எதிரிக்காகத் தன் இலையைத் தானே சுட்டுக்கொண்டது. அப்படிப்பட்ட ஆளுக்கு நிம்மதி கிடையாது. இந்தச் செடியும் குட்டை, மணியும் குறைவு. ஆனால் நிஜமாகவே திருடன் வந்தால் அந்த ஒரு வீட்டில்தான் நுழைய முடியாது.

நான் சொன்னது இவ்வளவுதான். நான்கு வருடம் சொன்னேன். என் கைடுக்குப் பட்டப்பெயர் தராசு. மேஜையில் எப்போதும் ஒரு மின்தராசு இருக்கும், பேசும் சொல்லையும் அதில் வைத்து எடுத்துத்தான் கொடுப்பார். "தட்டுல ஒண்ணும் வளரலைன்னா செடியில நோய் இல்லைன்னு அர்த்தமில்லப்பா, உனக்குத் தட்டு போட வரலைன்னு அர்த்தம்" என்றார். நான்காவது வருடம் ஒரு திங்கட்கிழமை நான் போகவில்லை. யாரும் துரத்தவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. இரண்டு வருடம் அங்கே இங்கே அலைந்துவிட்டு, அதே கட்டடத்தில் வளர்ப்பு அறைகளுக்கும் கண்ணாடிக்கூடங்களுக்கும் இரவுப் பணியாளாகச் சேர்ந்தேன். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை மணிக்கொரு முறை வெப்பம், ஈரம், விளக்கு பார்த்துத் தாளில் எழுத வேண்டும். மூளைக்கு வேலையில்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

என் பழைய விதையைச் சின்னவள் எடுத்தபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன். "நீங்க விட்டீங்கன்னா எல்லாரும் விடணுமா மாமா?" என்றாள். குளிர் அறையில் கிடந்த அந்த விதையில் மூன்றுதான் முளைத்தது. அதை ஒரு நல்ல ரகத்தோடு சேர்த்து, அதன் பேரப்பிள்ளைகள் நூற்று அறுபதை வளர்த்து, அதில் புள்ளி வந்த முப்பத்தெட்டுக்குச் சிவப்பு அட்டை கட்டினாள். அந்த முப்பத்தெட்டின் விதைதான் இந்த நூற்றிருபது தொட்டிக்கும் வந்தது. புள்ளிச் செடியின் விதையில் புள்ளிச் செடி மட்டும்தான் வரும். அதில் இரண்டாவது பேச்சே இல்லை.

ஆனால் வரவில்லை. முதல் விதைப்பிலும் இதேதான் நடந்தது. முப்பது நாள் பார்த்துவிட்டு, விளக்கு சரியில்லை என்று எண்ணிக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தாள். பதினாறு விளக்கையும் மாற்றவைத்தாள். இரண்டாவது விதைப்பில் தண்ணீரைச் சோதித்தாள், உரத்தைச் சோதித்தாள், இப்போது என் தாளைச் சோதிக்கிறாள்.

"அரை டிகிரியில புள்ளி ஓடிப்போகாது" என்றேன்.

"வேற எதுல ஓடிப்போச்சுன்னு நீங்க சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

"தராசு என்ன சொன்னாரு?"

"விதை கலந்துபோச்சாம். இனி அது பரிசோதனை இல்லையாம், வெறும் நோய்ச் செடியாம். இன்னிக்கு மத்தியானம் பன்னெண்டுக்குள்ள எல்லாத்தையும் ஆட்டோக்ளேவ்ல போட்டு நீராவியில கொன்னு முடிச்சிரணுமாம்." தாளை மடித்தாள். "அப்புறம் உங்களப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரு."

"என்ன?"

"'உன் அக்கா வீட்டுக்காரன் காலத்துலயும் இதே கதைதான்.'"

நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். கண் எரிந்தது. ஆனாலும் அவளோடு நான்காம் கண்ணாடிக்கூடத்துக்குப் போனேன். முன்னறையில் செருப்பைக் கழற்றி ரப்பர் காலணி மாட்டி, வெள்ளை மேல்கோட்டின் பொத்தானைப் போட்டு, இரண்டாவது கதவைத் தள்ளினால் வெந்நீர்த் துணியை முகத்தில் போட்டது போல ஈரம். முப்பது தொட்டி வீதம் நான்கு ட்ரே.

சுத்தமான செடிகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. குலை நோயின் புண் எங்கள் புள்ளி மாதிரி இருக்காது. கண் வடிவில் இருக்கும், நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. இலைக்கு இருபது முப்பது கண். சில செடிகள் வேர்க்கழுத்து வரைக்கும் காய்ந்து சாய்ந்துவிட்டன. அவற்றின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நம் குட்டைச் செடிகள், புள்ளி விழுந்த முகத்தோடு, நிமிர்ந்து.

நான் எண்ணினேன். முதல் ட்ரேயில் ஐந்து, இரண்டாவதில் ஆறு, மூன்றாவதில் நான்கு, நான்காவதில் ஆறு.

"எத்தனை தடவ எண்ணினாலும் இருபத்தொண்ணுதான் மாமா."

"விளக்கு காரணம்னா ஒரு ட்ரேயில நிறைய இருக்கும், ஒரு ட்ரேயில இருக்காது. இது சொல்லிவெச்ச மாதிரி எல்லாத்துலயும் பிரிஞ்சிருக்கு."

"அதான் கலப்புன்னு சொல்றாரு."

"வேற ரகம் கலந்திருந்தா உயரம் வேற, இலை வேற, தண்டு நிறம் வேற இருக்கும். இங்க எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளை மாதிரி இருக்கு."

அதைச் சொன்னபோது வாயிலிருந்து வந்தது காதில் விழுந்தது. ஒரே வயிற்றுப் பிள்ளை. அவள் கையிலிருந்த தாளை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடக் கணக்குதான். புள்ளி வர, கெட்ட ஜீன் தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என்று இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் செடி வெளியே சுத்தமாக இருக்கும், உள்ளே சுமந்துகொண்டிருக்கும். நூற்று அறுபதில் புள்ளிச் செடிகளைத் தள்ளிவிட்டால் மிச்சமிருக்கும் சுத்தமான செடிகளில் மூன்றில் இரண்டு அப்படிச் சுமப்பவை. சுமக்கும் செடியின் பிள்ளைகளில் நான்கில் ஒன்றுக்குப் புள்ளி வரும். மூன்றில் இரண்டு, அதில் நான்கில் ஒன்று. ஆறில் ஒன்று.

நூற்றிருபதில் ஆறில் ஒன்று இருபது.

விதை கலக்கவே இல்லை. எடுக்கக் கூடாத செடிகளிலிருந்து, ஒன்றுவிடாமல், ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தது.

இந்தக் கணக்கு சின்னவளுக்குத் தெரியாததல்ல. என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் போடாததற்குக் காரணம் பதிவேடு. 'சிவப்பு அட்டைச் செடிகள் முப்பத்தெட்டிலிருந்து மட்டும் விதை எடுக்கப்பட்டது' என்று அதில் எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. யாரைச் சந்தேகப்பட்டாலும் அந்த வரியை அவள் சந்தேகப்படவில்லை.

"என்ன மாமா எழுதறீங்க?"

"ஒண்ணுமில்ல. பன்னெண்டு மணி வரைக்கும் எதையும் பிடுங்காத. நான் வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது கோழைத்தனம், வேறு பெயர் கிடையாது.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. நான் போனபோது மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பரிசோதகி. தைத்து வரும் சட்டைகளை மேஜையில் விரித்துத் தையல் பிசகு, கறை, அளவு பார்த்துப் பழுதானதில் சிவப்புப் பொட்டு ஒட்டி ஒதுக்குவது வேலை. சீருடை மேல்சட்டையை ஒரு கையில் மாட்டிக்கொண்டு, வாயில் ஊசி கவ்வியபடி, பிய்ந்த பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"போன தடவ சின்னவளுக்காக கதிர் வெட்ட வந்தியே, அப்ப சிவப்பு அட்டை கட்டினதை என்ன பண்ணின?"

ஊசியை எடுத்தாள். "என்ன பண்ணுவாங்க? ஒதுக்கினேன்."

"ஒதுக்கி?"

"மூட்டையில போட்டேன். எரிக்கிற மூட்டைன்னு வாசல்ல வெச்சிருந்தாங்களே, அதுல. ஏன்?"

அவளே தொடர்ந்தாள்.

"நீங்கதானே சொன்னீங்க, சிவப்பு அட்டைய தனியா பிரிச்சிருன்னு. சொல்லிட்டு பெஞ்சுல சாஞ்சவரு எந்திரிக்கவே இல்ல. நான் ஒரு ஆளா எல்லாத்தையும் முடிச்சேன். அந்தச் சிவப்பு அட்டைச் செடி ஒவ்வொண்ணும் நோஞ்சானா, சொறி பிடிச்ச மாதிரி நின்னுச்சு. நல்ல செடியில மட்டும் பாத்துப் பாத்து, செடிக்கு ஒரே அளவா எடுத்து உறையில போட்டேன். பன்னெண்டு வருஷமா சிவப்பு ஒட்டறேன், ஒரு பீஸ் தப்பாப் போனதில்ல."

"இதுவும் தப்பாப் போகல" என்றேன். "அங்க சிவப்புன்னா வெச்சுக்க வேண்டியது."

மேல்சட்டை ஒரு கையில் மட்டும் மாட்டியபடி நின்றாள். புரிய அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மூன்று மாதமாகத் தங்கை போனில் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவள்.

"அப்ப அந்தப் புள்ளி வரலைன்னு சொல்லிட்டிருந்தது..."

"ஆமா."

"நீங்க எந்திரிச்சு உறையப் பாக்கலயா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் வழி முழுக்கப் பயந்துகொண்டு வந்தேன். உறையைப் பார்த்தேன். தூக்கியும் பார்த்தேன். கனமாக இருந்தது. முப்பத்தெட்டு நோஞ்சான் செடியில் அவ்வளவு மணி வராது என்று உலகத்தில் யாருக்காவது தெரியுமென்றால் எனக்குத்தான் தெரியும். நான்கு வருடம் அந்தச் செடியின் மணிகளை ஒவ்வொன்றாக எண்ணியவன். கனமாக இருக்கிறதே, நல்லது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தூக்கத்தைத் தொடர வீட்டுக்கு வந்தேன்.

"பாக்கல" என்றேன். அதுவும் முழு உண்மையில்லை.

"நான் வந்து அவகிட்ட சொல்றேன்."

"வேணாம். கையெழுத்து என்னது."

"கையெழுத்து உங்களது, கத்திரிக்கோல் என்னது. கிளம்புங்க."

கண்ணாடிக்கூடத்தின் முன்னறையில் சின்னவள் ரப்பர் காலணியோடு பெஞ்சில் உட்கார்ந்து தொட்டிப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைச் சீருடையில் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும், எழுந்துவிட்டாள். அக்கா சுற்றி வளைக்கவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் சின்னவள் பட்டியலைப் பெஞ்சில் வைத்தாள்.

"நீ எதுக்குக்கா அன்னிக்கு வந்த?"

"உனக்காகத்தான்டி வந்தேன். ஸ்கூட்டர்ல விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டு, கதிர் உதிர்ந்துரும் உதிர்ந்துரும்னு கட்டில்ல கிடந்து புலம்பினது யாரு?"

"நான் மாமாகிட்டதான் சொன்னேன். உன்கிட்ட சொல்லல."

"உன் மாமா தூங்கிட்டாரு."

"எழுப்ப வேண்டியதுதானே."

"ராத்திரி பூரா முழிச்சவரு, பாவம்னு விட்டேன்."

"பாவம்" என்றாள் சின்னவள். வாயில் வந்த கல்லைத் துப்புவது போல அந்தச் சொல்லைச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு விதைப்பு மாமா. பதினாறு லைட்டு. லைட்டு மாத்த வந்தவன்கிட்ட நான் சண்டை போட்டேன், அவன் திருடிட்டான்னு சொல்லிட்டேன். போன வாரம் தண்ணித் தொட்டிய நானே இறங்கிக் கழுவினேன். அப்பல்லாம் ஒரு தடவ கூட உங்களுக்குத் தோணலயா?"

"தோணல."

"உறையைத் திறந்து ஒரு தடவ பாத்திருந்தா போதும்."

"போதும்."

"எதுக்கெடுத்தாலும் ஒத்துக்கிட்டா ஆச்சா? கொஞ்சமாவது எதிர்த்துப் பேசுங்க, எனக்குத் திட்ட வசதியா இருக்கும்."

மனைவி நடுவில் புகுந்தாள். "திட்டறத அப்புறம் வெச்சுக்கடி. பன்னெண்டு மணின்னு சொன்னாரே, அதுக்கு என்ன வழி?"

வழி ஒன்றுதான் இருந்தது. விதை கலந்தது என்பதால்தான் தொட்டிகளை அழிக்கச் சொல்லியிருந்தார். கலக்கவில்லை என்று எழுத்தில் காட்ட வேண்டும். அதற்குப் பதிவேட்டில் என் வரி பொய் என்று நான் எழுத வேண்டும். எழுதிவிட்டால் இந்த இருபத்தொன்றும் தொண்ணூற்றொன்பதும் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள் ஆகிவிடும். ஒரே மண், ஒரே விளக்கு, ஒரே பூஞ்சை. புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம். சின்னவள் போட நினைத்த சோதனையைவிட இது நல்ல சோதனை. அதை நான் வாய்விட்டுச் சொன்னபோது அவள் என்னை அடித்துவிடுவாள் போலப் பார்த்தாள்.

"தெரியும். நீங்க வீட்டுக்குப் போற அவசரத்துல அந்தத் தாளைக் கீழ போட்டுட்டுப் போனீங்க. ஆறில் ஒண்ணுன்னு ரெண்டு கோடு போட்டிருந்தீங்க. நீங்க திரும்பி வருவீங்களா மாட்டீங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

மனைவியை அவள் வேலைக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்குத் தராசின் அறைக்குப் போனோம். மேஜையில் மின்தராசு, அதன் தட்டில் ஒரு காகித உறை. அவர் அதை எடுக்கவில்லை. நான் சொல்வதை முழுக்கக் கேட்டார்.

"அதாவது தூங்கிட்டேங்கற."

"ஆமா சார்."

"ராத்திரி வேலைக்கு இருக்கறவன் தூங்கினேன்னு எழுத்துல கொடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

"அது என் வேலை நேரம் முடிஞ்ச பிறகு சார். காலை ஏழு மணி."

"வேலை நேரம் முடிஞ்சவன் எதுக்குக் கண்ணாடிக்கூடத்துக்குப் போன? வெளியாள் எதுக்கு உள்ள வந்தாங்க?"

இந்தப் பக்கம் போனாலும் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர். இதில் அவர்மேல் தப்பு சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதுதான் எரிச்சல்.

"சார், ட்ரேக்களை வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்க" என்றாள் சின்னவள். "கணக்கு ஆறில் ஒண்ணோட பொருந்துது. புள்ளி இருக்கறது எல்லாம் நிக்குது."

"நிக்குதுன்னா? எண்ணி அளந்தியா, கண்ணால பாத்தியா?"

"இன்னிக்கு அளந்துடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். "நீ எழுதிக் கொடுத்தா ட்ரே நிக்கும். எழுதிக் கொடுத்தா ஒண்ணாம் தேதியிலிருந்து உன்னை வளர்ப்பு அறைப் பக்கம் வெக்க முடியாது. பதிவேட்டுல பொய்யா எழுதினவன் கையில வெப்பநிலைத் தாளைக் கொடுத்தா, இங்க இருக்கற எல்லாரோட பரிசோதனையும் சந்தேகமாயிடும். இது கோவத்துல சொல்றதில்ல."

"தெரியும் சார்."

"அன்னிக்கு அறுபது தட்டு போட்டியே. அந்தப் பதிவு இருக்கா?"

"இருக்கணும் சார். கீழ் அலமாரியில."

"அதையும் இவ பாக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு மாதிரி எதுவும் இல்லை. எதிர்பார்த்திருந்தால் அது என் முட்டாள்தனம்.

பதிவேட்டை எடுத்து வந்து, என் பழைய வரியைக் குறுக்கே ஒரே கோடாக அடித்து, அதன் கீழே எழுதினேன். விதை சிவப்பு அட்டை இல்லாத செடிகளிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தவர் நிலையத்தைச் சேராதவர், அவரை அழைத்துவந்தவன் நான். சோதிக்காமல் கையெழுத்திட்டேன். மூன்று வரி. நான்கு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் நான் எழுதிய எதையும் தராசு திருத்தாமல் விட்டதில்லை. இதை அப்படியே விட்டார்.

பதினோரு மணிக்கு அளக்க ஆரம்பித்தோம். ஒவ்வொரு செடியிலும் மூன்று இலை பார்த்துப் புண்ணின் அளவுக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண். ஒன்று என்றால் நோய் பிடிக்கவில்லை, ஒன்பது என்றால் செடி காலி. அவள் லென்ஸோடு குனிந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எனக்குத் தூக்கம் போய், தூக்கத்துக்குப் பின்னால் வரும் தலைவலியும் போய், வெறுமனே கை ஓடிக்கொண்டிருந்தது. இடையில் அவள் என்னோடு பேசியதெல்லாம் எண்கள்தான்.

புள்ளிச் செடிகள் இருபத்தொன்றும் ஒன்று அல்லது இரண்டு. ஒன்றுகூட அதைத் தாண்டவில்லை. ஒன்பது வருடம் கழித்து, நான் சொன்னது சரிதான் என்று ஒரு தாளில் என் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வரும் என்று கொஞ்சம் காத்துப் பார்த்தேன். கண்ணாடிக்கூடத்தின் ஈரத்தில் சட்டை முதுகில் ஒட்டியது, வேறு எதுவும் நடக்கவில்லை.

சுத்தமான செடிகள் தொண்ணூற்றொன்பதில் தொண்ணூற்று நான்கு ஏழுக்கு மேல். மிச்சம் ஐந்து ஒன்றில் நின்றன. புள்ளியும் இல்லை, புண்ணும் இல்லை.

சின்னவள் அந்த ஐந்தையும் எடுத்துத் தனியாக வரிசையில் வைத்து, எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்தாள். ஒடிந்த காலை முழுதாக மடக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டாள்.

"இது என்ன?"

"ஓரத்துல இருந்திருக்கும். தெளிச்சது படாம போயிருக்கும்."

"ஓரத்துல இருந்தது ஒண்ணுதான். மீதி நாலும் நடுவுல."

"புள்ளி இனிமேதான் வருமோ என்னவோ."

"நாப்பத்தோரு நாளாச்சு. இனிமே எப்ப?" லென்ஸைத் துடைத்து மறுபடியும் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை இதைத்தான் முதல்ல கேப்பாரு. தொண்ணூத்து நாலைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

"பூஞ்சையத் திரும்ப அடிச்சுப் பாக்கலாம்."

"ஏழு நாள் வேணும். ரெண்டு நாள் இருக்கு."

"தெரியலைன்னு எழுது."

"தெரியலைன்னு எழுதினா விட்டுடுவாங்களா?"

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினதுக்கு இது தேவலை."

அவள் பேனாவை வாங்கி, ஐந்து செடிகளின் எண்களுக்கு எதிரே 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினாள். ஒரு முறை எழுதி மேற்படி போட்டிருக்கலாம். ஐந்து முறை எழுதினாள். அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள். அதற்குப் பக்கத்தில் இரண்டாமவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் உண்டு, உடனிருந்து சரிபார்த்தவர் போட வேண்டியது. நான் பேனாவுக்குக் கையை நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை. கோபமாகக்கூட இல்லை, யோசனையாகத்தான் இருந்தாள்.

"வேணாம் மாமா. உங்க கையெழுத்து இருந்தா அதையே பிடிச்சுக்குவாங்க."

"சரி."

"விளக்கு மாத்தறவரைக் கூப்பிட்டு வரேன். அவருக்குப் படிப்பு போதும், கண்ணும் நல்லா இருக்கு. எப்படியும் நான் போய் மன்னிப்பு கேட்கணும்."

அவர் வந்தார். திருடன் என்று தன்னைச் சொன்னவளின் பேச்சைக் கைகட்டி நின்று முழுவதும் கேட்டார், சரிம்மா என்று மட்டும் சொன்னார். மதிப்பெண் போடும் முறையை அவள் விளக்கினாள். நான் எழுதிய தாளைக் காட்டினாள்.

"அது கிடக்கட்டும்மா" என்றார் அவர். "நான் பாக்காததுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? முதல் தொட்டியில இருந்து ஆரம்பிங்க."

சின்னவள் புதுத் தாள் எடுத்தாள். நான் தொட்டிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கிக் கொடுக்க ஆரம்பித்தேன்.